வீட்டுக்கு வந்த பிறகு இறந்தவர்கள்

வரதராசன்பேட்டை
3 ஜூன் 2024

அன்புள்ள பொன்னுத்தாய்க்கு,

மரிய புஷ்பம் டீச்சர் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடாதே. மூன்று நாளாகப் போன் செய்கிறேன், நீ எடுக்கவில்லை. பதின்மூன்று வருடம் பேசாமல் இருந்தவள் திடீரென்று கூப்பிட்டால் நீ எடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு என்னால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுவிட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைந்தேவிட்டது.

வெள்ளிக்கிழமை பாடாலூர் நடராசன் வந்திருந்தார். ஹைவேயில் பஞ்சர் கடை வைத்திருக்கிறாரே, நம் இருவர் வீட்டுக்காரர்களோடும் ஒரே படைப்பிரிவில் இருந்தவர். கார்கில் சண்டை முடிந்து இருபத்தைந்து வருடம் ஆகிறதாம். ஜூலை 26 அன்று எங்கள் பள்ளி மைதானத்து நினைவுத் தூணுக்கு முன்னால் பெரிதாக விழா நடத்த வேண்டும் என்று முன்னாள் படைவீரர் சங்கத்தில் பேசியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் அமல்தாஸ் பெயர் அந்தத் தூணில் இருப்பதால் என்னிடம் சொல்ல வந்தார். காபி குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்:

“அமல்தாஸ் அண்ணனைப் பிச்சைமுத்து முதுகுல கட்டிக்கிட்டு எறங்குனப்ப, மேலேருந்து கயிறு புடிச்சது நாந்தான் டீச்சர்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் இறந்த அன்றே உடலைக் கீழே கொண்டுவந்துவிட்டதாகத்தான் எனக்கு வந்த கடிதத்தில் இருந்தது. அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். நான் விழிப்பதைப் பார்த்து நடராசன் எழுந்துவிட்டார். நான் விடவில்லை. உட்கார வைத்து, மாணவனிடம் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

நாலு நாள் அவர் அந்தச் சரிவில் கிடந்திருக்கிறார். குண்டு விழுந்துகொண்டே இருந்ததால் யாரும் நெருங்க முடியவில்லை. உன் வீட்டுக்காரர் பிச்சைமுத்து இரண்டு முறை ஏறித் திரும்பியிருக்கிறார். அப்போதே அவருக்கு மூச்சு இரைப்பும் இருமலும் இருந்திருக்கின்றன. டாக்டர் உடனே கீழே போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மூன்றாவது முறையும் ஏறியிருக்கிறார். இறங்கி வந்ததும் வாயில் ரத்தம் கலந்த நுரை வந்ததாம். ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம்.

பொன்னுத்தாய், உனக்கு இது தெரியுமா? தெரியும், தெரியாது, ஒரு வார்த்தை எழுது.

மரிய புஷ்பம்


பூலாம்பாடி
9 ஜூன் 2024

டீச்சருக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு நாள் டிவி மேலேயே கிடந்தது. மகள் பிரவீணாதான் டூட்டி முடிந்து வந்து பிரித்துப் படித்துவிட்டு, பதில் எழுது என்று பேனாவைக் கையில் கொடுத்தாள். எட்டாவது வரை படித்தவள் எழுத்து, பிழை இருந்தால் நீங்கள் திருத்திக்கொள்வீர்கள்.

தெரியும்.

பட்டாளத்தில் இனி உடம்பு தாங்காது என்று அவரை 2001-ல் வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார். சொன்னதோடு சத்தியமும் வாங்கினார். “டீச்சர்கிட்ட மட்டும் சொல்லிடாத. அன்னிக்கே கொண்டாந்துட்டாங்கன்னு நெனச்சிக்கிட்டிருக்காங்க. நாலு நாள் பனியில கெடந்தான்னு தெரிஞ்சா அவங்களுக்குச் சோறு எறங்காது” என்றார். நான் சொல்லவில்லை.

சொல்லிவிடலாம் என்று ஒரே ஒரு நாள்தான் நினைத்தேன். 2011-ல் அவரை நடுவீட்டில் கிடத்திவிட்டு உங்களுக்குப் போன் செய்தேனே, அன்றைக்கு. அவர் மேல் கொடி போர்த்தச் சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன். சண்டையில் செத்தவர்களுக்குத்தான் கொடி, நோயில் போனவர்களுக்குக் கேட்பது முறையில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சத்தியம் வாங்கியவர் பக்கத்திலேயே படுத்திருந்தார். போனை வைத்துவிட்டேன்.

இப்போது நடராசன் அண்ணன் சொல்லி உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. என் மேல் குற்றமில்லை. வேறொன்றும் எழுத வேண்டாம். அறுத்த வெங்காயத்தைப் பட்டறை கட்டி அடுக்கி வைக்க ஆள் வந்திருக்கிறது, போகிறேன்.

பொன்னுத்தாய்


வரதராசன்பேட்டை
13 ஜூன் 2024

அன்புள்ள பொன்னுத்தாய்க்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

அன்று நான் சொன்னது தவறு. வாய் தவறி வந்ததில்லை, நம்பித்தான் சொன்னேன். அந்தத் தூணின் பெருமைக்குக் காவல் நிற்பதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். அந்தத் தூணுக்கு அடியில் புதைக்க எனக்கு ஓர் உடல் கிடைத்ததே உன் வீட்டுக்காரரால்தான் என்று தெரியாமல் காவல் நின்றிருக்கிறேன். மன்னித்துவிடு என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், மன்னித்துவிடு.

பிச்சைமுத்து பயந்தது சரிதான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் நன்றாகப் பசித்தது. ஒரு மனிதர் நெஞ்சு முழுக்க நீர் கோத்துக்கொண்டு மூன்று முறை ஏறியிருக்கிறார் என்பதே எனக்குள் திரும்பத் திரும்ப ஓடுகிறது. நாலு நாள் என்பது அதற்குள் கரைந்துபோய்விட்டது. பக்கத்து வீடு, பால்காரர், சர்ச்சில் மணி அடிக்கும் கோயில் பிள்ளை என்று யாரைப் பார்த்தாலும் நிறுத்தி வைத்துச் சொல்கிறேன். என் மகள் ஷாலினி மேரி சென்னையிலிருந்து போனில், “அம்மா, மூச்சு விட்டுப் பேசுங்க” என்றாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தூணில் அமல்தாஸ் பெயருக்குக் கீழே இடம் இருக்கிறது. ஜூலை 26-க்குள் அங்கே பிச்சைமுத்து பெயரை வெட்டிவிட வேண்டும். அவர் உயிரை எடுத்ததும் அதே மலைதான். பன்னிரண்டு வருடம் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான் வித்தியாசம். நாளையே சங்கத் தலைவர் முருகையன் சாரைப் பார்க்க ஜெயங்கொண்டம் போகிறேன். நீ சரி என்று மட்டும் சொல்.

மரிய புஷ்பம்


பூலாம்பாடி
19 ஜூன் 2024

டீச்சருக்கு,

வேண்டாம்.

கோபத்தில் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் பிரவீணா சத்தமாகப் படித்தாள். மன்னித்துவிடு என்ற இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, மேலே படி என்றேன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

உங்கள் வீட்டுக்காரர் பெயருக்குக் கீழே, அவரைச் சுமந்ததற்குக் கூலி மாதிரி ஒரு பெயர் வேண்டாம். என் வீட்டுக்காரர் செத்த விதம் ஒன்றும் வேறெங்கும் நடக்காத அதிசயம் இல்லை. அவரைப் போல இன்னும் இருக்கிறார்கள். வேப்பந்தட்டையில் மாயவன் என்று ஒருவர். இலங்கைக்குப் போன படையில் இருந்தவர். காலில் குண்டு பட்டு, அங்கே ஏற்றிய ரத்தத்தால் கல்லீரல் கெட்டு, வீட்டுக்கு வந்து எட்டு வருடம் கழித்து 96-ல் போனார். குடித்துச் செத்தான் என்று ஊரில் பேசினார்கள். அவர் ஒரு சொட்டு தொட்டதில்லை. அவர் பெண்சாதியை எனக்கு மருந்துக் கடையில் பழக்கம். அந்த அம்மா தனக்கும் நான் இவருக்கும் என்று இரண்டு பேரும் வரிசையில் நின்று மாத்திரை வாங்கியிருக்கிறோம்.

நேற்று பிரவீணாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். இப்படி ஒரு பேச்சு நடக்கிறது என்றேன். அந்த அம்மா எழுந்தது. உள்ளே போய், முகம் கழுவி, வேறு புடவை மாற்றிக்கொண்டு வந்து, “இப்ப கேளு, சொல்றேன்” என்று உட்கார்ந்தது. இரண்டு மணி நேரம் சொன்னது. சொல்லி முடித்ததும், பக்கத்து ஊரில் இன்னும் இரண்டு வீடு இருக்கிறது, வா காட்டுகிறேன் என்று எங்களோடு அதே ஸ்கூட்டியில் ஏறிக்கொண்டது. மூன்று பேராகப் போனோம். பிரவீணா திட்டிக்கொண்டே ஓட்டினாள்.

வைத்தால் எல்லாரையும் வையுங்கள். இல்லாவிட்டால் இவரும் வேண்டாம்.

பொன்னுத்தாய்


வரதராசன்பேட்டை
24 ஜூன் 2024

அன்புள்ள பொன்னுத்தாய்க்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். நான் ஒரு பெயரோடு நிறுத்தியிருப்பேன். முப்பத்தாறு வருடம் பாடம் நடத்தியவளுக்கு இது தோன்றவில்லை பார்.

உடனே என் பழைய மாணவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினேன். இரண்டு நாளில் ஏலாக்குறிச்சிப் பக்கம் ஒரு பெயர், ஆண்டிமடத்தில் ஒரு பெயர். ஆண்டிமடத்துக்காரர் சவரிநாதன், பட்டாளத்தில் வண்டி ஓட்டியவர். பனியில் கால்விரல்கள் கருகி, ஒவ்வொன்றாக எடுத்து, பிறகு முழங்கால் வரை எடுத்து, கடைசியில் அந்தப் புண்ணாலேயே போயிருக்கிறார். அவர் தம்பி சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில், “டீச்சர், இதுவரைக்கும் எங்கள யாரும் கேட்டதில்லை” என்றார். கேட்காமல் விட்டவர்களில் நானும் ஒருத்தி. வீட்டுக்கு வந்ததும் நோட்டில் எழுதினேன். உன் பக்கம் நாலு, என் பக்கம் இரண்டு. ஆறு ஆகிவிட்டது பொன்னுத்தாய்.

இனிக் கஷ்டமான செய்தி. முருகையன் சார் மறுத்துவிட்டார். கெட்டவர் இல்லை, சுபேதாராக இருந்தவர், எதற்கும் ஒழுங்கு வேண்டும் என்பவர். தூணின் தலைப்பே ‘போரில் உயிர் நீத்தோர்’ என்பதுதான், வீட்டில் நோயில் இறந்தவர்களை அதில் சேர்த்தால் அதற்கு முடிவே இருக்காது என்கிறார். பட்டாளத்தால்தான் நோய் வந்தது என்பதற்குக் காகிதம் காட்டச் சொல்கிறார். சங்கக் கூட்டம் ஜூலை 4. காகிதம் இல்லாவிட்டால் பேச்சே எடுக்கக் கூடாது என்றார். நான் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். அவரும் உயர்த்தினார். மோர் கொடுத்தார்கள், குடிக்காமல் வந்துவிட்டேன்.

உன்னிடம் ஏதாவது காகிதம் இருக்கிறதா? தேடு. பத்து நாள்தான் இருக்கிறது.

மரிய புஷ்பம்


பூலாம்பாடி
30 ஜூன் 2024

டீச்சருக்கு,

அவருடைய டிரங்குப் பெட்டியை அவர் போனதிலிருந்து நான் திறந்ததில்லை. உங்கள் கடிதம் வந்த அன்றே திறந்தோம். சாவி எங்கே என்று தெரியாமல் பிரவீணா சுத்தியலால் பூட்டை உடைத்தாள்.

மேலே மெடிக்கல் போர்டு காகிதம் இருந்தது. இங்கிலீஷில் இருந்ததை அவள்தான் படித்துச் சொன்னாள். மலை உயரத்தில் வேலை பார்த்ததால் நுரையீரல் கெட்டது என்று டாக்டர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவள் நர்ஸ், இந்தக் காகிதத்தின் மதிப்பு அவளுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இதை முன்பே யாரிடமாவது காட்டியிருக்கலாம்.

அடியில் அவருடைய கம்பளிச் சட்டை. அதன் பையில் நாலாக மடித்து ஒரு சீட்டு. பென்சில் எழுத்து பாதி அழிந்திருக்கிறது. பிரவீணா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கத்திவிட்டாள். ஜூன் 29, 1999. நாயக் பதவியில் இருக்கும் பிச்சைமுத்துவை உடனே கீழே அனுப்பவும் என்று எழுதியிருக்கிறது. நடராசன் அண்ணன் சொன்னாரே, அதே சீட்டு. நாங்கள் படித்த நாளும் ஜூன் 29 டீச்சர். இருபத்தைந்து வருடம், ஒரு நாள் முன்பின் இல்லாமல்.

அவள் அப்பா போனபோது அவளுக்குப் பதினாலு வயது. மூச்சு வாங்கிக்கொண்டு, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கும் அப்பாவைத்தான் அவளுக்குத் தெரியும். வயலில் இருக்கிற போர்வெல் மோட்டாரிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் உட்காருவார். நேற்று அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்பா ஓடியிருக்காரும்மா, மலை மேல ஓடியிருக்காரு” என்று சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். நானும்தான்.

எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து இதில் வைத்திருக்கிறேன். மற்ற மூன்று வீட்டுக் காகிதங்களும் இருக்கின்றன. இன்னொரு பெயரும் கிடைத்திருக்கிறது, மொத்தம் ஏழு.

அசலை நான் அனுப்பவில்லை. அதற்கு வேறு வேலை இருக்கிறது.

பொன்னுத்தாய்


வரதராசன்பேட்டை
5 ஜூலை 2024

அன்புள்ள பொன்னுத்தாய்க்கு,

கள்ளி. ஜெயங்கொண்டம் வரைக்கும் வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் போயிருக்கிறாய்.

நேற்றுக் கூட்டத்தில் ஜெராக்ஸைப் பிரித்துப் பேசத் தயாராக உட்கார்ந்திருந்தேன். முருகையன் சார் முதலில் எழுந்தார். பூலாம்பாடியிலிருந்து ஓர் அம்மா மூன்று பஸ் மாறி அவர் வீட்டுக்கு வந்ததைச் சொன்னார். அசல் சீட்டை மேசைமேல் வைத்தாயாமே. அவர் கண்ணாடி போட்டுப் படித்திருக்கிறார். படித்த பிறகும் பழையபடி, நோயில் இறந்தவர்களைச் சேர்த்துக்கொண்டே போனால் இதற்கு முடிவு எங்கேம்மா என்று கேட்டிருக்கிறார். நீ சொன்ன பதிலை அவர் வாயாலேயே சபையில் சொன்னார்:

“முடிவு எங்கேன்னு எனக்குத் தெரியும்ங்க. பத்து வருசம் பக்கத்துல உக்காந்து பாத்தேன்.”

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அங்கே இருந்த அறுபது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, “இதுக்கு மேல எங்கிட்ட கேள்வி இல்ல. யாருக்காவது இருக்கா?” என்றார். ஒரு கையும் எழவில்லை. நடராசன் பின்வரிசையில் நாற்காலி மேல் ஏறி நின்றே கை தட்டினார்.

ஏழு பெயரும் தூணில் ஏறுகின்றன. பக்கவாட்டு முகம் முழுவதும் அவர்களுக்கு. பாடாலூரிலிருந்து கல் வெட்டுபவர் 15-ஆம் தேதி வருகிறார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மைதானத்துக்குக் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போய் வெறும் கல்லைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒன்றுதான் பாக்கி. தலைப்பு. சங்கத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள், எல்லாம் மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. நீ சொல்வதுதான் என்று முடிவு செய்திருக்கிறோம். உடனே எழுது.

மரிய புஷ்பம்


பூலாம்பாடி
9 ஜூலை 2024

டீச்சருக்கு,

உங்களைப் பார்க்காமல் வந்தது கோபத்தால் இல்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன். அழுத முகத்தோடு அந்தச் சுபேதார் சார் முன்னால் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை.

வீரம், தியாகம் என்றெல்லாம் வேண்டாம். அதெல்லாம் முன்பக்கத்திலேயே இருக்கிறது. வீடு என்ற சொல் வர வேண்டும். இவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டதால்தான் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நாங்கள் ஏழு வீட்டிலும் பேசி, பிரவீணா எழுதியது இது:

‘போருக்குப் போய், வீட்டுக்கு வந்து, அந்தப் போராலேயே இறந்தவர்கள்.’

சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள்.

பொன்னுத்தாய்


வரதராசன்பேட்டை
12 ஜூலை 2024

பொன்னுத்தாய்,

ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. அப்படியே கொடுத்துவிட்டேன். 26-ஆம் தேதி காலை ஒன்பதுக்குள் ஏழு வீட்டாரும் வந்துவிட வேண்டும். பெரம்பலூரிலிருந்து வேன் ஏற்பாடு செய்தாயிற்று. சாப்பாடு பள்ளியில். பெயர்களை யார் வாசிப்பது என்று முருகையன் சார் கேட்டார். முன்பக்கத்தை நீயும் பக்கவாட்டை நானும் வாசிப்போம் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் பெயரை நீ சொல். உன் வீட்டுக்காரர் பெயரை நான் சொல்கிறேன்.

மரிய புஷ்பம்


பூலாம்பாடி
28 ஜூலை 2024

அக்காவுக்கு,

இன்னும் தொண்டை கட்டியிருக்கிறது. அமல்தாஸ் என்று சொல்ல மைக்கில் அவ்வளவு கத்தியிருக்க வேண்டாம், தெரியும். எனக்கு மைக் பழக்கமில்லை. மெதுவாகச் சொன்னால் கேட்காதோ என்று பயம். நீங்கள் பிச்சைமுத்து என்று சொன்னபோது உங்கள் குரல் பாதியில் நின்றது. உங்களுக்குப் பதிலாகக் கூட்டத்தில் யாரோ அந்தப் பெயரை முடித்தார்கள். அப்புறம் இன்னும் பத்துப் பேர் சொன்னார்கள். பிரவீணா என் கையை இறுக்கிய இடம் இன்னும் வலிக்கிறது.

மாயவன் பெண்சாதி கல்லில் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அங்கிருந்த போலீஸ்காரரைக் கூப்பிட்டு, “இவரு குடிச்சுச் சாகல, படிச்சுப் பாருங்க” என்று சொன்னதை நீங்கள் கவனித்தீர்களா? அவர் தொப்பியை எடுத்துவிட்டுப் படித்தார். சாப்பாட்டுக்கு அப்புறம் நாங்கள் ஏழு பேரும் வேனில் ஏறாமல் பேசிக்கொண்டே இருந்தோம். எல்லார் வீட்டிலும் அதே மாத்திரை டப்பா, அதே ஆஸ்பத்திரி வரிசை, ராத்திரி முழுக்க அதே விழிப்பு. இத்தனை வருடமும் ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருக்கிறோம். ஆண்டிமடத்து அம்மா தன் வீட்டுக்காரர் கட்டைக்காலை ஒளித்து வைத்துவிட்டுச் சண்டை போட்ட கதையைச் சொன்னபோது, எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். டிரைவர் மூன்று தடவை ஹாரன் அடித்தார்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை அக்கா.

பிரவீணாவுக்கு டூட்டி இருந்ததால் அவள் வேனில் போய்விட்டாள். எனக்கு அரியலூரில் ஒரு வேலை இருந்தது, பஸ்ஸில் வந்தேன். ஜெயங்கொண்டம் தாண்டியதும் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்தது. முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும், ஜவுளிக் கடையில் வேலையாம். என் மடியில் இருந்த அவர் படத்தைப் பார்த்து யாரென்று கேட்டது. சொன்னேன். அன்றைக்குக் கல்லில் பெயர் வைத்ததையும் சொன்னேன். அந்தப் பெண் படத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டது. அரியலூர் வரப்போகிற சமயத்தில் திரும்பி, “எங்க வூட்டுக்காரரும் ஐஸ் மலையிலதான்க்கா இருந்தாரு. ரத்தம் கட்டிப்போச்சுன்னாங்க. வீட்டுக்கு வந்து ரெண்டே வருசம். அவரு பேரும் எழுதுவாங்களா?” என்று கேட்டது.

ஸ்டாண்டில் இறங்கி இரண்டு பேரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் வந்த வேலையை மறந்துவிட்டேன். விழா அழைப்பிதழின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டேன். உங்கள் நோட்டில் ஏற்றிவிடுங்கள்.

பெயர் பிரேம். செந்துறை. வயது முப்பத்தாறு. இறந்தது 2022, நவம்பர் 8. மனைவி லாவண்யா.

காகிதம் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறதாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் பிரவீணாவும் அந்த வீட்டுக்குப் போகிறோம், நீங்களும் வந்துவிடுங்கள். கல்லில் இடம் இருக்குமா என்று முருகையன் சாரிடம் கேட்க வேண்டாம். கிளம்பும்போது நான் சாண் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

பொன்னுத்தாய்